ஓசை என்னும் முள்

1864-ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை பெங்களூரின் தண்டு எனப்படும் கண்டோன்மெண்ட் நிலையத்தை அடைந்தது. அன்றுமுதல் அப்பாதையோரம் குடியிருப்போர் இரவும் பகலும் வண்டியோசையுடன் வாழ்ந்து வருகின்றனர். “மூச்சைக் கவனித்து அமர்ந்தவுடன் வண்டி வந்துவிடுகிறது; தியானம் நமக்கு வாய்க்காதோ?” என்று அவர்களுள் சில அன்பர்கள் வினவுகின்றனர். அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வேசாலிக்கு அருகே மகாவனத்தில் பகவன் புத்தர் தங்கியிருந்தபோது, லிச்சவிப் பெருமக்கள் தேர்களில் ஆரவாரத்துடன் வந்தனர். மூத்த பிக்குகள் சிலர் அவ்விரைச்சலை விட்டு விலகிக் கோசிங்க சாலவனம் சென்றனர். பகவன் அவர்களைக் கடிந்தாரில்லை, நன்று என்றார். முதல் தியானத்திற்கு ஓசை ஒரு முள் என்றும் விளக்கினார். அங்குத்தர நிகாயத்துக் கண்டக சுத்தம் இதனைக் கூறுகிறது. ஆகவே, இரைச்சல் தொல்லை தருகிறது என்று சொல்வது மனத்தின் குறைபாடு அன்று.

அகற்றக்கூடிய முள்ளை அகற்றுதலே அறிவு. இரவில் ரயில் இரைச்சல் சராசரி 44 டெசிபெலுக்கு மிகாதிருக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. மிகுந்தால் உறக்கம் கெடும். படுக்கையைப் பாதைக்கு எதிர்ப்புறம் மாற்றலாம். சன்னல் இடுக்குகளை அடைக்கலாம். வண்டிகள் குறைந்த வேளையில் தியானத்திற்கு அமரலாம். குழந்தையின் உறக்கத்தையும் நோயாளியின் உறக்கத்தையும் “பழகிவிடும்” என்று தள்ளிவிடலாகாது.

பிக்குகளுக்குச் செல்ல ஒரு வனம் இருந்தது. வாடகை வீட்டில் வாழும் நாம் எங்கே செல்வது? சங்யுத்த நிகாயத்துச் சல்லத்த சுத்தம் இங்கே துணை செய்கிறது. ஓசையால் எழும் துன்ப உணர்ச்சி முதல் அம்பு. அதன்மேல் நாம் மூட்டிக்கொள்ளும் சினம் இரண்டாம் அம்பு. முதல் அம்பைத் தடுக்க இயலாதபோதும் இரண்டாவதைத் தவிர்க்கலாம். வண்டி வருங்கால் மூச்சைப் பற்றிக்கொண்டு போராட வேண்டா. “ஓசை, ஓசை” என அறிக. அது தொலைவில் எழுந்து, பெருகி, தேய்ந்து, அடங்கும். அநித்தியத்தை நாள்தோறும் நம் வாயிலில் வந்து கற்பிக்கும் ஆசான் அது. அடங்கியபின் மூச்சுக்குத் திரும்புக.

இன்னும் ஒன்று. கடவுப்பாதையை நெருங்கும் ஓட்டுநர் குறுக்கே வருவோரின் உயிர் காக்கவே ஊதுகிறார். 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், அவ்வூர் மக்கள் பலர், அயோத்திதாசப் பண்டிதர் காலத்தில் பௌத்த சங்கம் தழைத்த மாரிக்குப்பத்திலிருந்து வண்டியேறிப் பெங்களூர் வந்து உழைக்கின்றனர். நம் உறக்கத்தைக் கலைக்கும் வண்டியிலேயே தம் உறக்கத்தைத் துறந்த சகோதரர் வருகின்றனர். ஓசை கேட்கும்தோறும், “இதில் செல்வோர் நலமுடன் வீடு சேர்க” என மைத்திரி செய்வோம்.

பயிற்சி வினாக்கள்:
1. மூத்த பிக்குகள் மகாவனத்தை விட்டு விலகியது ஏன்?
2. இரண்டாம் அம்பு யாது?
3. இவ்வாரம் நம் இல்லத்தில் அகற்றக்கூடிய முள் எது?