விசிட்டிங் கார்டு அச்சுக்குப் போகும் முன்

வீட்டிலேயே பொடி அரைத்து விற்பவர், தையல் எடுப்பவர், டியூஷன் சொல்லித்தருபவர் என்று இன்று பலருக்கும் ஒரு விசிட்டிங் கார்டு தேவைப்படுகிறது. டிசைனையும் செல்போனிலேயே செய்துவிடுகிறார்கள். ஆனால் திரையில் பார்த்தது அப்படியே தாளில் வருவதில்லை. டி.டி.பி. வேலையில் பல வருடம் இருந்தவள் நான். கட்டுக் கட்டாக வீணாய்ப்போன கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் தமிழ் எழுத்து சிதைந்து அச்சாகி வந்தால் எனக்கு மனசே ஆறாது.

1. முதலில் அளவைக் கேளுங்கள். நம் ஊரில் வழக்கமான கார்டு 3.5 அங்குல நீளம், 2 அங்குல அகலம். அதாவது ஏறக்குறைய 89 x 51 மி.மீ. சில அச்சகங்களில் 90 x 54 மி.மீ. என்று வைத்திருப்பார்கள். டிசைன் முடிந்த பிறகு இந்த வித்தியாசம் தெரிந்தால், எல்லாவற்றையும் மறுபடி நகர்த்தி வைக்க வேண்டிவரும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

2. பிளவுஸ் வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுகிறோம் இல்லையா? கார்டுக்கும் அதேபோல் விட வேண்டும். அச்சகத்தில் இதை ‘பிளீட்’ என்பார்கள். ஒரே பெரிய தாளில் பல கார்டுகளை அச்சடித்து, தாள்களை அடுக்கி, கட்டிங் மெஷினில் வைத்து வெட்டுவார்கள். அடுக்கில் மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் சிறிது நகர்வு இருக்கத்தான் செய்யும். பின்னணி நிறம் கார்டின் விளிம்போடு நின்றுவிட்டால், வெட்டிய பிறகு ஒரு ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அதனால் நிறத்தையும் படத்தையும் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டிவிடுங்கள். 89 x 51 கார்டுக்கு ஃபைல் அளவு 95 x 57 மி.மீ. ஆகும். இதற்கு நேர்மாறாக, பெயர், போன் நம்பர், லோகோ எல்லாம் வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். கார்டைச் சுற்றி மெல்லிய பார்டர் மட்டும் வேண்டாம். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் தெரியும்.

3. வாட்ஸப்பில் வந்த லோகோவை எடுத்து ஒட்டாதீர்கள். அனுப்பும்போதே அது சுருங்கிப்போயிருக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் கார்டு முழுக்க வரும் படம் 1050 x 600 பிக்சலுக்குக் குறையக்கூடாது. பிளீட் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூட. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கைதான் கூடும், தெளிவு கூடாது. லோகோ செய்துகொடுத்தவரிடம் வெக்டர் ஃபைலைக் கேட்டு வாங்கி வையுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது உடையாது.

4. தமிழ் எழுத்தைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். என் சித்தி முதல்முதலாகப் பொடி வியாபாரத்துக்கு 1000 கார்டு அடித்தார். ‘கொள்ளுப் பொடி’ என்ற இடத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்த எழுத்துதான். யுனிகோடில் ‘கொ’ என்பதை ககரமும் அதற்குப் பின் ஒரு குறியுமாகத்தான் சேமிக்கிறார்கள். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அச்சகத்தில் இருப்பது பழைய மென்பொருளாக இருந்தால் அது நடக்காது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருந்தால் சிக்கல் வேறு மாதிரி. அந்த ஃபான்ட் அங்கே இல்லையென்றால், பெயர் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, எழுத்தைப் படமாக மாற்றிவிடுவது. கோரல்டிராவில் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் ‘கர்வ்’ ஆகிவிடும். அதன்பிறகு திருத்த முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஒவ்வொரு கொம்பையும், காலையும், புள்ளியையும் விரல் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: ஆங்கிலத்தில் அழகுக்காக எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவது போல் தமிழுக்கு விட வேண்டாம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

5. எழுத்து அளவு ஆங்கிலத்தில் 7 பாயின்ட் வரை போகலாம். தமிழுக்கு 8-க்குக் கீழே இறங்காதீர்கள், 9 இருந்தால் நிம்மதி. கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வந்த ஒரு கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ‘ண’வின் சுழிகள் மசியில் அடைபட்டு, மெய்யெழுத்தின் புள்ளிகள் பாதி மறைந்து, ‘க்’ எல்லாம் ‘க’வாகியிருந்தன. அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்துதான் வேண்டுமென்றால் தடித்த எழுத்தாகப் போடுங்கள்.

6. செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு மெஷினில் இருப்பது சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மசிகள். அதனால் திரையில் பளீரென்று மின்னும் கிளிப்பச்சையும் ராமர் நீலமும் தாளில் அடங்கித்தான் வரும். டிசைன் செய்யும்போதே சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றிவிட்டால் இந்த ஏமாற்றம் குறையும். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மசி மட்டும் 100 சதவீதம் கொடுங்கள். நான்கு மசியும் கலந்த கறுப்பாக இருந்தால், தாள் துளி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும்.

7. க்யூ.ஆர். கோடு போடுவதாக இருந்தால் ஒரு பக்கம் 2 செ.மீ. ஆவது இருக்கட்டும். வெளிர் பின்னணியில் அடர்நிறக் கட்டங்கள்தான் சரி. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும். இலவசமாகச் செய்துதரும் சில தளங்களின் கோடு கொஞ்ச நாள் கழித்து வேலை செய்யாமல் போகலாம். ‘ஸ்டாடிக்’ வகையில் உங்கள் லிங்க் நேராக உள்ளே பதிந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

8. கார்டுக்கு 300 அல்லது 350 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு கேளுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். தான் என்பதோடு ஒப்பிட்டால் கனம் புரியும். கிளாஸ் லேமினேஷன் பளபளப்பாக இருக்கும், ஆனால் அதன்மேல் பேனா வழுக்கும். பிளவுஸ் வாங்க வரும் தேதியையோ அடுத்த வகுப்பு நேரத்தையோ எழுதிக் கொடுக்கிறவர்கள் பின்பக்கத்தை லேமினேட் செய்யாமல் விடச் சொல்லுங்கள்.

9. முதல் தடவை 100 கார்டு டிஜிட்டலில் போடுங்கள். ஆஃப்செட்டில் நான்கு நிறத்துக்கும் பிளேட் போட வேண்டும், 1000 அடித்தால்தான் கட்டுப்படியாகும். நம்பரும் விலாசமும் நிலைத்த பிறகு அதற்குப் போகலாம்.

10. அனுப்புவது பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். கேன்வாவில் செய்தவர்கள் ‘பி.டி.எஃப். பிரின்ட்’ என்பதைத் தேர்ந்து, கிராப் மார்க், பிளீட் இரண்டுக்குமான டிக்கைப் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

11. அச்சகம் காட்டும் புரூஃபுக்கு அவசரத்தில் ‘ஓகே’ சொல்லிவிடாதீர்கள். அதை நிஜ அளவில் ஒரு பிரின்ட் எடுத்து, வெட்டி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போடாமல் அப்பாவோ மாமியாரோ படிக்க முடிகிறதா? க்யூ.ஆர். கோட்டை அந்தத் தாளிலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. ஊர்ப் பெயர், பின்கோடு, ஒற்று எல்லாவற்றையும் வேறு ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, தாளில் உள்ள போன் நம்பரைப் பார்த்து, அந்த இலக்கங்களையே ஒவ்வொன்றாக அழுத்தி இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். உங்கள் போன் மணி அடித்த பிறகு ‘ஓகே’ அனுப்புங்கள்.