டைம்ஷேரை விற்கப் போகிறீர்களா?

பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கியது. நான்கைந்து முறை கொடைக்கானல், ஒருமுறை கூர்க், ஒருமுறை மூணாறு. இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். ஆனால் ஆண்டுக் கட்டணத்துக்கான பில் மட்டும் தவறாமல் வருகிறது, போன வருடத்தைவிடக் கொஞ்சம் ஏறியே வருகிறது. 1986-ல் ஸ்டெர்லிங்கும் 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸும் சென்னையில் தொடங்கப்பட்டவை. ஆகவே ஹாலிடே மெம்பர்ஷிப் என்கிற டைம்ஷேர் நம் ஊருக்குப் புதிதல்ல. அதை விற்பது எப்படி என்பதுதான் பலருக்கும் புதிது.

டைம்ஷேர் ஒரு சொத்து அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டிவிட்ட லாட்ஜ் வாடகை. மனை ஏறுவதுபோல் அது ஏறாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வருடம் தேய்ந்துகொண்டே வரும். போட்ட பணத்தையாவது எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவருக்கு நேர்மையான சந்தையில் வாங்க ஆள் கிடைக்காது. போனில் கிடைப்பார். நீங்கள் கேட்ட விலைக்கு மேலேயே தருவார். மறுவிற்பனை மோசடி முழுவதும் விட்டுக்கொடுக்க மனம் வராத அந்த விலையை நம்பித்தான் நடக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். பிளாஸ்டிக் அட்டையையும் பளபளப்பான சான்றிதழையும் சொல்லவில்லை. பொடி எழுத்தில் இருக்குமே, அந்தப் புத்தகத்தைச் சொல்கிறேன். இன்னும் எத்தனை ஆண்டு மீதி? 25 ஆண்டுத் திட்டமா, பழைய பத்திரங்களில் இருந்ததுபோல் அதைவிட நீண்டதா? எந்த சீசன், எந்த அளவு அறை? மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று நிறம் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு அறை எடுக்க முடிகிற சீசனுக்குத்தான் கேட்பார் உண்டு. மழைக்கால சீசன் வைத்திருப்பவர் விலையில் நிறைய இறங்க வேண்டியிருக்கும். பெயர்மாற்றம் அனுமதிக்கப்படுகிறதா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, புதியவருக்கு எல்லாச் சலுகையும் போகுமா என்பதையும் அதிலேயே பாருங்கள். சில திட்டங்களில் முதல் உறுப்பினருக்குக் கொடுத்த இலவசங்கள் இரண்டாமவருக்குப் போகாது. அதை மறைத்து விற்றால் சண்டை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

படிக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். ‘அறை இரவுகள்’ என்ற பெயரில் விற்று, தங்காவிட்டால் முதிர்வில் இவ்வளவு பணம் திரும்பும் என்று உங்கள் பத்திரம் சொல்கிறதா? அப்படியானால் அது டைம்ஷேரே அல்ல, முதலீட்டுத் திட்டம். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனத்தின் விவகாரத்தில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அப்படித்தான் முடிவு செய்து, 2016-ல் முதலீட்டாளர்களுக்கு 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தரச் சொன்னது. அந்த மாதிரிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு புரோக்கரைத் தேடுவதில் அர்த்தமில்லை. செபியின் அறிவிப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தால் விற்காதீர்கள், ரத்து செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ல் வந்த விதிப்படி டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு அவகாசம் இருக்கும், பெரும்பாலும் பத்து நாள். அதற்குள் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள்.

முதல் கேள்வியை நிறுவனத்திடமே கேளுங்கள், எழுத்தில். ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கூகுளில் தேடி வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு வேண்டாம். கேட்க வேண்டியவை: மெம்பர்ஷிப்பை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இல்லையென்றால் இன்னொருவர் பெயருக்கு மாற்ற நடைமுறை என்ன? என் கணக்கில் இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். அந்த ‘இல்லை’யை அச்செடுத்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதம் ஒருவர் போன் செய்து, ‘கம்பெனியிலிருந்து பேசுகிறேன் சார், உங்கள் மெம்பர்ஷிப்பை பைபேக் எடுக்கிறோம்’ என்பார். அவர் யார் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு தாள் போதும்.

விலையை வாங்குபவர் இடத்தில் இருந்து போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். பத்து ஆண்டு மீதி, ஆண்டுக்கு ஏழு இரவு என்றால் 70 இரவுகள். அதே தரத்தில் ஓர் அறை ஓட்டலில் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 4,20,000. இனி கழிக்க வேண்டியவை. ஆண்டுக் கட்டணம் 25,000 என்றால், அது ஏறவே இல்லை என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாலும், பத்தாண்டுக்கு 2,50,000. மீதி 1,70,000. ஆனால் வாங்குபவர் 70 இரவையும் பயன்படுத்தப் போவதில்லை, கேட்ட தேதிக்கு அறை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை, பெயர்மாற்றக் கட்டணம் வேறு. பாதிக்கும் கீழே கேட்பார். கேட்பது நியாயம்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சிலருக்கு விடை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். அப்படி வந்தால், ஆண்டுதோறும் ஊர் சுற்றும் தங்கை குடும்பத்துக்குச் சும்மா எழுதிக் கொடுத்துவிடுவதே லாபம்.

வாங்குபவரை நீங்களே தேடுங்கள். அதே நிறுவனத்தின் ரிசார்ட்டில் தங்கிப் பழகிய, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம்தான் சரியான ஆள். அலுவலகம், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு, உறுப்பினர்களின் ஃபேஸ்புக் குழு என்று கேட்டுப் பாருங்கள். ஓ.எல்.எக்ஸில் போடுவதானால் உறுப்பினர் எண்ணையும் சான்றிதழ் படத்தையும் போடாதீர்கள். சீசன், அறை அளவு, மீதி ஆண்டு, ஆண்டுக் கட்டணம், உங்கள் விலை இவை போதும்.

பெயர்மாற்றத்தை நிறுவனத்தின் வழியாகவே முடியுங்கள். பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், இ.எம்.ஐ. மீதி இருந்தால் அதுவும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். வாங்குபவரின் கே.ஒய்.சி., இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம், விலையையும் ‘இந்தத் தேதிக்குப் பின் கட்டணம் வாங்குபவர் பொறுப்பு’ என்ற வரியையும் சேர்த்து ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் உடன்படிக்கை. பெயர்மாற்றக் கட்டணத்தை யார் கட்டுவது என்று பேசி வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் கணக்குக்கே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். வாங்குபவரின் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்ததை நீங்களே பார்க்க வேண்டும். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. கடைசியில் புதியவர் பெயரில் மாறிவிட்டது என்ற கடிதம். அது வந்த பிறகு ஆண்டுக் கட்டணத்துக்கு வங்கியில் கொடுத்திருந்த ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டு, விற்ற மெம்பர்ஷிப்புக்கு அடுத்த வருடமும் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உறுப்பினர் காலமாகியிருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விற்பனைப் பேச்சு.

செய்யக்கூடாதவை

விற்றுத் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மோசடியின் பெயர்கள் மாறும், பணம் ஓடும் திசை மாறாது. ‘பெங்களூரில் ஒரு ஐ.டி. கம்பெனி தன் ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்குகிறது, உங்களுடையதற்கு நான்கரை லட்சம் பேசி முடித்துவிட்டோம்’ என்று ஆரம்பிக்கும். பதிவுக் கட்டணமாக 9,000 கேட்பார்கள். அடுத்து என்.ஓ.சி. கட்டணம். அடுத்து ஜி.எஸ்.டி. அதற்கடுத்து ‘டி.டி.எஸ்., சார், இது விற்பனைத் தொகையோடு அப்படியே திரும்பி வந்துவிடும்.’ முதல் 9,000-த்தைக் கட்டியவர் அடுத்த 30,000-த்தைக் கட்டுவது பேராசையால் அல்ல, அந்த 9,000 வீணாகிவிடுமே என்ற பயத்தால்.

வரி விஷயத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். டி.டி.எஸ். என்பது பணம் கொடுப்பவர் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவது. பணம் வாங்க வேண்டிய நீங்கள் முன்கூட்டிக் கட்டுவது அல்ல. ஜி.எஸ்.டி. தொழில் செய்பவரின் கணக்கு. சொந்த மெம்பர்ஷிப்பை ஒருமுறை விற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் ஜி.எஸ்.டி. கட்ட எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டினால் பிறகு திரும்பி வரும் வரி என்று புரோக்கர் சொன்னாலே போனை வைத்துவிடலாம். உண்மையான புரோக்கர் விற்பனைத் தொகையிலிருந்து தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். மேலே சொன்ன ஐரோப்பிய விதி இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: மறுவிற்பனைக்கு உதவுகிறவர், விற்பனை முடியும் முன் ஒரு காசும் வாங்கக்கூடாது.

இதெல்லாம் யாரோ இரண்டு பையன்கள் செய்யும் சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் புவேர்ட்டோ வல்லார்ட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே டைம்ஷேர் வாங்கிய அமெரிக்கர்களை, குறிப்பாக வயதானவர்களை, குறிவைத்து கால் சென்டர் நடத்துவது ஒரு போதைப்பொருள் கும்பல்; ஹலிஸ்கோ நியூ ஜெனரேஷன் கார்டெல் என்று பெயர். விலை பேசி முடித்துவிட்டோம், வரியும் கட்டணமும் கட்டுங்கள் என்ற அதே பேச்சுதான். இதற்காக அமெரிக்க நிதித்துறை 2023-லிருந்து பல ஆட்கள்மீதும் நிறுவனங்கள்மீதும் தடை விதித்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை மெக்சிகோ டைம்ஷேர் மோசடிகளில் சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள். புகார் செய்தவர்கள் மட்டும் இவ்வளவு.

உங்கள் உறுப்பினர் எண்ணைச் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக நம்பாதீர்கள். எண், வாங்கிய ஆண்டு, சீசன், கடைசியாகத் தங்கிய ரிசார்ட் எல்லாம் சொல்வார். மெக்சிகோ கும்பலுக்கு ரிசார்ட்டுகளுக்கு உள்ளேயே ஆள் இருந்து பட்டியல் கொடுத்தது தெரியவந்தது. எந்த ஊரிலும் வாடிக்கையாளர் பட்டியல் கைமாறத்தான் செய்கிறது. போனை வைத்துவிட்டு, ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

பணம் வாங்க யு.பி.ஐ. பின் போடாதீர்கள். பின் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது. ‘கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க சார், அட்வான்ஸ் வந்துடும்’ என்பதும் அதே கதை. படிவம் நிரப்ப உதவுகிறேன் என்று எனிடெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.

‘பழையதைக் கொடுத்துவிட்டு’ என்று அழைக்கும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். விற்க வழி சொல்கிறோம் என்று ஓட்டலுக்கு அழைப்பார்கள். பழைய மெம்பர்ஷிப்புக்கு நல்ல விலையும் போடுவார்கள். ஆனால் அது இன்னும் பெரிய, இன்னும் விலை கூடிய ஒரு புதுத் திட்டத்தில் கழித்துக்கொள்ளும் விலை. போகும்போது ஒரு டைம்ஷேர், வரும்போது இரண்டு.

கோபத்தில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விடாதீர்கள். ரத்தாகிப் போகட்டும் என்று விடுவது சில ஒப்பந்தங்களில் நடக்கும். பலவற்றில் வட்டி ஏறும். எது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். பாக்கியுள்ள மெம்பர்ஷிப்பைப் பெயர் மாற்றவும் முடியாது.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று ஒரு வாரம் மறைத்து வைப்பவர்கள்தான் அதிகம். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் தள்ளிப்போனால் அந்த வாய்ப்பு தேயும். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். சண்டை மோசடிக்காரரோடு அல்ல, பெயர்மாற்றத்தை இழுத்தடிக்கும் நிறுவனத்தோடு என்றால் வழி வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு போன் வரக்கூடும். பேசுபவர் வக்கீல் என்பார், நுகர்வோர் நீதிமன்றம் என்பார், சைபர் கிரைம் என்றே சொல்வார். ‘உங்களை ஏமாற்றியவரைப் பிடித்துவிட்டோம், பணம் டெபாசிட்டில் இருக்கிறது, விடுவிக்க 12,000 கட்டுங்கள்’ என்பார். மெக்சிகோ விவகாரத்தில், தடை விதித்த அமெரிக்க நிதித்துறை அலுவலகத்தின் பெயரையே சொல்லி இப்படி இரண்டாம் முறை கறந்திருக்கிறார்கள். உங்கள் பெயர், இழந்த தொகை, தேதி எல்லாம் இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். முதல் முறை பணம் வாங்கியது அவர்தானே.