பழி வந்தபோது பதறாத நெஞ்சம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

சென்ற சம்பா அறுவடை முடிந்த நாட்களில், ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், வயதான ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு கீழ்வேளூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். மகள் கல்யாண வீடுகளில் சமையலுக்கு உதவி செய்து பிழைப்பவர். பக்கத்து ஊர் நிக்காஹ் வீடு ஒன்றில் மூன்று பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. "கடைசியாக அந்த அறைக்குள் போனவள் இவள்தான்" என்று யாரோ சொன்ன ஒரு சொல், அன்றிரவே தெரு முழுதும் பரவிவிட்டது. போலீஸில் புகார் இல்லை, ஜமாஅத்திலும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"ஹஜ்ரத், நான் எடுக்கலே. அல்லா மேலே ஆணையா எடுக்கலே. இதை யாருகிட்டே போயிச் சொல்வேன்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஸப்ர் செய்யும்மா, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு என் மனம் என்னைக் குத்தியது. ஸப்ர் என்ற சொல்லைக் கொடுத்தேனே தவிர, அதை எப்படிச் செய்வது என்று நான் சொல்லவில்லையே! நோயாளிக்கு மருந்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பியது போலல்லவா ஆயிற்று! அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

பொய்ப்பழி என்பது இன்று புதிதாக வந்ததன்று. நபி யூசுஃப் (அலை) அவர்கள் மீது வந்தது. அன்னை மர்யம் (அலை) அவர்கள் மீது வந்தது. முஃமின்களுக்கெல்லாம் தாயான நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதும் வந்தது. இவற்றுள் அன்னை ஆயிஷா நாயகியின் வரலாற்றை அவர்களே தம் வாயால் விரிவாகச் சொல்ல, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. பழிக்கு ஆளான ஒருவரின் நெஞ்சத்தை உள்ளிருந்தே நமக்குக் காட்டும் வரலாறு அது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வேளை. அது ஹிஜ்ரி 5 என்பர் சிலர், 6 என்பர் சிலர். மதீனாவை நெருங்கிய ஓரிடத்தில் படை இரவு தங்கியது. இயற்கைத் தேவைக்காகச் சென்ற அன்னையார், கழுத்து மணிமாலை அறுந்து விழுந்திருப்பதைக் கண்டு, அதைத் தேடத் திரும்பிப் போனார்கள். அதற்குள் படை கிளம்பிவிட்டது. அன்னையார் அப்போது இளவயதினர், உடல் பாரமில்லாதவர்கள். உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணி, வெறும் சிவிகையைத் தூக்கி ஒட்டகத்தின் மேல் வைத்துவிட்டனர். மாலை கிடைத்துத் திரும்பி வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. தம்மைத் தேடி வருவார்கள் என்று அதே இடத்தில் அமர்ந்தார்கள், கண்ணயர்ந்துவிட்டார்கள். படைக்குப் பின்னால் வந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் அன்னையாரைக் கண்டு, "இன்னா லில்லாஹி" ஓதினார்கள். அதன்றி வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, அன்னையார் ஏறியதும் அதை நடத்திக்கொண்டு நண்பகலில் படையை வந்து சேர்ந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபைக்கு இது போதுமானதாயிருந்தது. அவன் பற்றவைத்த நெருப்பு மதீனா முழுதும் பரவியது. நல்ல முஸ்லிம்களில் சிலரும் அதற்கு வாய் கொடுத்துவிட்டார்கள்.

மதீனா வந்ததும் அன்னையார் ஒரு மாத காலம் நோயில் கிடந்தார்கள். வெளியே நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் நோயுற்றால் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டும் அந்தப் பரிவு இம்முறை இல்லையே என்பது மட்டும் மனத்தை உறுத்தியது. ஓரிரவு மிஸ்தஹ் (ரலி) என்பாரின் தாயாருடன் வெளியே சென்றபோது, அந்தத் தாயார் தம் ஆடை தடுக்கி இடறி, "மிஸ்தஹ் நாசமாகட்டும்" என்றார். பத்ருப் போரில் கலந்துகொண்டவரையா இப்படி ஏசுவது என்று அன்னையார் கண்டித்தார்கள். அப்போதுதான் ஊரில் உலவும் பேச்சும், அதில் மிஸ்தஹ் அவர்களுக்கு இருந்த பங்கும் தெரியவந்தது. நோய் இரட்டித்தது. பெற்றோர் வீட்டுக்குப் போக நாயகத்திடம் அனுமதி பெற்றுச் சென்றார்கள். இரண்டு இரவும் ஒரு பகலும் உறக்கமின்றி, கண்ணீர் ஓயாமல் அழுதார்கள்.

சகோதரிகளே, இங்கே முதல் பாடத்தைக் கவனியுங்கள். அழுவது ஸப்ருக்கு விரோதமன்று. "ஈமான் உள்ளவள் அழலாமா?" என்று பழிக்கு ஆளானவரைக் கடிந்துகொள்வோர் இந்த ஹதீஸைப் படிக்கவேண்டும். பழி பேசுவோரின் சொற்களால் நாயகத்தின் நெஞ்சம் நெருக்கடிக்குள்ளாவதைத் தான் அறிவதாக அல்லாஹ்வே திருக்குர்ஆனில் (15: 97) கூறுகிறான். நெஞ்சு வலிப்பது பலவீனமன்று. அந்த வலியை எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறோம் என்பதே கேள்வி. அடுத்த வசனம் அதற்கு வழி சொல்கிறது: இறைவனைப் புகழ்ந்து துதித்து, ஸுஜூது செய்வோருடன் ஆகிவிடுவது. நெஞ்சு பதறும் வேளையில் முதலில் ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். பேச்சு பிறகு ஆகட்டும். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது கலங்கித்தான் வரும். குடத்தில் எடுத்துத் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால், சற்று நேரத்தில் வண்டல் அடியில் தங்கித் தண்ணீர் தெளியும். பொறுக்காமல் கையைவிட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் தெளியுமா?

இரண்டாவது பாடம், உண்மையை விட்டு நகராமை. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையாரிடம் வந்து அமர்ந்து, நீ நிரபராதியானால் அல்லாஹ் அதை வெளிப்படுத்துவான், தவறியிருந்தால் பாவமன்னிப்புத் தேடிக்கொள் என்ற கருத்தில் பேசினார்கள். அந்த நேரம் அன்னையாரின் கண்ணீர் ஒரு துளியும் இன்றி நின்றுவிட்டது. எனக்காகப் பதில் சொல்லுங்கள் என்று தந்தையாரைக் கேட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. தாயாரைக் கேட்டார்கள், அவர்களுக்கும் வரவில்லை. பிறகு தாமே பேசினார்கள். நான் நிரபராதி என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், செய்யாததைச் செய்தேன் என்றால் நம்பிவிடுவீர்கள் என்று சொல்லி, யூசுஃப் நபியின் தந்தையார் கைக்கொண்ட "ஸப்ருன் ஜமீல்" என்னும் அழகிய பொறுமையே தமக்கும் வழி என்று கூறித் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

எத்தனை உறுதி பாருங்கள்! தாய், தந்தை, கணவர் மூவரும் எதிரே இருக்கிறார்கள். சச்சரவு தீர்ந்தால் போதும் என்று செய்யாததை ஒப்புக்கொள்ளவில்லை. நம்பும்படி கெஞ்சவும் இல்லை. உண்மையை ஒருமுறை தெளிவாகச் சொன்னார்கள். பிறர் மனத்தைத் திருப்பும் வேலையை அல்லாஹ்விடம் விட்டார்கள். நம்மில் பலர் பதறுவது இந்த இடத்தில்தான். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சத்தியம் செய்கிறோம். பத்துப் பேர் நம்பினாலும் நம்பாத ஒருவரை நினைத்து உறக்கம் கெடுகிறது. பிறர் நெஞ்சங்களைத் திருப்பும் பொறுப்பை அல்லாஹ் நம் தலையில் வைக்கவில்லை. பழி நம்மீது வந்து விழுவது நம் கையில் இல்லை. அந்தப் பழி நம்மைப் பொய்யராக, கொடியவராக மாற்றிவிடாமல் காப்பதே நம் கையில் உள்ளது.

அப்படியானால் வாய்மூடி இருப்பதுதான் ஸப்ரா? அன்று. பழி சுமத்தப்பட்ட யூசுஃப் நபி, நடந்ததை அங்கேயே மறுத்துச் சொன்னார்கள். சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்ற சான்று அவர்கள் பக்கம் நின்றது. அப்படியிருந்தும் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். அரசர் விடுதலை செய்து அழைத்தபோது, முதலில் அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரிக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள் (12: 50). ஆகவே நியாயமான வழியில் விசாரணை கோருவது பொறுமைக்குள் அடங்கியதே.

நம் காலத்திலும் இதைக் கண்டோம். நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் அவர்கள், நாட்டின் ராக்கெட் இரகசியங்களை விற்றதாகப் பழி சுமத்தப்பட்டு 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீஸாரால் கைது செய்யப்பட்டார். 50 நாட்கள் காவலில் இருந்தார். அதே வழக்கில் மாலத்தீவைச் சேர்ந்த இரு முஸ்லிம் பெண்களும் சிறைப்பட்டனர். 1996-இல் சி.பி.ஐ. அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை தந்தது. அவர் ஓயாமல் கோர்ட்டில் நியாயம் கேட்டார். 2018 செப்டம்பர் 14 அன்று சுப்ரீம் கோர்ட் அவருக்கு 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 24 ஆண்டுகள்! மனிதர் தரும் நியாயம் தாமதமாகலாம். அதுவரை நெஞ்சைத் தாங்கி நிற்பது, அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற ஈமான்தான்.

மூன்றாவது பாடம், நாவைக் காத்தல். நம் பக்கத்தில் பழிக்கு ஆளானவர் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றுவதுண்டு. திருடனைக் கண்டுபிடிக்க மை போட்டுப் பார்ப்பதும் உண்டு. குறி சொல்பவனிடம் போய்க் கேட்டவனின் தொழுகை 40 நாட்கள் ஒப்புக்கொள்ளப்படாது என்பது நாயகத்தின் எச்சரிக்கை. மேலும் மைக்காரன் இன்னொரு அப்பாவியைக் காட்டிவிட்டால், நமக்கு நேர்ந்த அநியாயத்தை நாமே இன்னொருவருக்குச் செய்தவர் ஆவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பாருங்கள். பழி பேசியவர்களுள் கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் ஒருவர். பிற்காலத்தில் அன்னையாரின் சகோதரி மகன் உர்வா, அவரை ஏசத் தொடங்கியபோது, ஏசாதே, அவர் நாயகத்துக்காகப் பரிந்து நின்றவர் என்று தடுத்துவிட்டார்கள். தமக்குத் தீங்கு செய்தவரிடத்தும் இருந்த நன்மையை மறக்காத உள்ளம் அது.

முடிவு யாவரும் அறிந்ததே. அதே அமர்வில் வஹீ இறங்கியது. அன்னையாரின் தூய்மையை அறிவித்து அந்நூர் அத்தியாயத்தின் 11 முதலான வசனங்கள் அருளப்பட்டன. தம் பொருட்டு, கியாமத் நாள்வரை ஓதப்படும் வசனங்கள் இறங்கும் என்று அன்னையார் எண்ணியதே இல்லை. நாயகத்துக்கு ஒரு கனவு காட்டப்படலாம் என்று மட்டுமே நம்பியிருந்தார்கள்.

பழிக்கு ஆளானவருக்கு இவ்வளவும் சொன்ன பின், சுற்றியிருக்கும் நமக்கும் சில சொற்கள் உண்டு. அன்னையாரின் சக்களத்தியான ஸைனப் (ரலி) அவர்களிடம் நாயகம் விசாரித்தபோது, நான் என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், அவரிடம் நன்மையன்றி வேறெதையும் நான் அறியேன் என்றார்கள். போட்டியாளரை வீழ்த்த வாய்ப்பு வந்தும் அதைத் தொடாத உத்தமி! அன்ஸாரிப் பெண் ஒருவர், அன்னையார் அழும்போது வந்து, ஒன்றும் கேளாமல் உடன் அமர்ந்து தாமும் அழுதார். அதுவும் ஓர் உதவிதான். குற்றம் சாட்டுபவரே சான்று கொண்டுவர வேண்டும், மறுப்பவருக்குச் சத்தியம் போதும் என்பது மார்க்கத்தின் சட்டம். சான்று இல்லாமல் "அவளாய்த்தான் இருக்கும்" என்று அடுப்படியில் பேசும் பேச்சு, நம் தொழுகையையும் நோன்பையும் கியாமத் நாளில் அவளுக்கு எடுத்துக் கொடுக்கும் பேச்சாகும்.

இன்னொன்று. பழி பேசிய மிஸ்தஹ், அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர். அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். இனி உதவமாட்டேன் என்று அவர்கள் சத்தியம் செய்தபோது, மன்னிக்கும்படி வசனம் வந்தது (24: 22). உடனே மீண்டும் உதவத் தொடங்கினார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். நிரபராதி என்று அறிவிக்கும் வசனம் முதலில் வந்தது. மன்னிக்கச் சொல்லும் வசனம் அதன் பின்னரே வந்தது. நாமோ பழியைத் துடைக்காமலே, "போனால் போகுது, மன்னிச்சு மறந்துடு" என்று பாதிக்கப்பட்டவரிடம் முதலில் போய் நிற்கிறோம். பழியைப் பரப்பியவர், எத்தனை பேரிடம் சொன்னாரோ அத்தனை பேரிடமும் போய் "நான் சொன்னது தவறு" என்று சொல்லட்டும். மன்னிப்பைக் கேட்கும் தகுதி அதன் பிறகு வரும்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாரின் வீடு தேடிச் சென்று சொன்னேன். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டார். "ஆயிஷா நாயகியே அழுதாங்களா ஹஜ்ரத்?" என்று ஒன்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா, இரண்டு ராத்திரி" என்றேன். அவர் முகம் சற்றே தெளிந்தது.

அந்தச் சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டு வீட்டார் மட்டும் அவரை மீண்டும் வேலைக்கு அழைக்கிறார்கள். அவரும் தலை நிமிர்ந்து போய் வருகிறார். யாரையும் ஏசுவதில்லை, எடுத்தேன் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவருக்காக வஹீ இனி இறங்காது. ஆனால் அன்று அன்னையாரின் நெஞ்சை அறிந்திருந்த அதே அல்லாஹ், இன்று இவர் நெஞ்சையும் அறிந்திருக்கிறான்.

யா அல்லாஹ்! செய்யாத குற்றத்தைச் சுமப்போரின் நெஞ்சங்களுக்கு அமைதியைத் தருவாயாக! அவர்களின் உண்மையை வெளிப்படுத்துவாயாக! எங்கள் நாவுகளையும் காதுகளையும் பிறர் மானத்தில் விழாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.