மாமன் வீட்டு வாசல்

கேள்வி: தைப்பூசத்தன்று என்னோடு நடந்துவந்த சீன நண்பர், "காவடி முருகனுக்கு என்கிறீர்கள், பெருமாள் கோயிலிலிருந்து ஏன் புறப்படுகிறது? உங்களுக்கு மொத்தம் எத்தனை கடவுள்?" என்றார். விழித்தேன். என்ன சொல்லியிருக்கலாம்?
– வாசகர், ஈசூன்

பதில்: நண்பர் கேட்டது நல்ல கேள்வி. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில் 1855இல் தொடங்கிய வைணவக் கோயில். காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இல் செட்டியார்கள் எழுப்பியது. அங்கே நாமம், இங்கே திருநீறு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் உறவுமுறை.

பார்வதி, திருமாலின் தங்கை. மதுரை மீனாட்சி கோயில் சிற்பத்தில் தங்கையைச் சிவனுக்குத் தாரை வார்த்துக் கொடுப்பவர் பெருமாள்தான். அதனால்தான் முருகனுக்கு 'மால் மருகன்' என்று ஒரு பெயர். நம் வீட்டில் மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவோமா? பால்குடமும் அப்படித்தான், மாமன் வீட்டு வாசலில் கிளம்புகிறது.

முந்தின நாள் செட்டிப்பூசத்தையும் கவனியுங்கள். முருகன் வெள்ளி ரதமேறி கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகிறார். அண்ணனைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். தீபாவளிக்கு முன்பு வரும் தீமிதியிலும் இதே கதைதான். திரௌபதிக்கு நேர்ந்துகொண்டவர்கள் பெருமாள் கோயிலில் கிளம்பி, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகிறார்கள். சபையில் சேலை கொடுத்து மானம் காத்த கண்ணன் அவளுக்கு அண்ணன் முறை அல்லவா?

எத்தனை கடவுள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. உருவங்கள் பல, பரம்பொருள் ஒன்றே என்பார் அத்வைதி. சிவனே முழுமுதல் என்பார் சைவ சித்தாந்தி. நாராயணனே என்பார் வைணவர். வழக்கு இன்னும் தீரவில்லை. காவடி எடுப்பவர் அது தீரட்டும் என்று காத்திருப்பதில்லை. உறவைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுகிறார். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். மாமன், மச்சான், அண்ணன், தம்பி எல்லாம் அவர் வீட்டிலும் உண்டு.

கேள்வி: வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனால் என் ஐந்து வயது மகள் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். சாமி இவ்வளவு பயங்கரமாக இருக்க வேண்டுமா?
– வாசகி, தோ பாயோ

பதில்: அந்தக் கோபம் நம்மேல் அல்ல, நம்மைத் துன்புறுத்துவதன்மேல். கறுப்பு நிறம் எல்லாவற்றையும் தன்னுள் ஒடுக்கிக்கொள்ளும் காலம்; கழுத்திலுள்ள தலைமாலை வெட்டுண்ட ஆணவம் என்று விளக்கம் சொல்வார்கள். கோயில் இருக்கும் இடம், சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் சுண்ணாம்புக் கம்பம் எனப்பட்ட வட்டாரம். அங்கே, ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்த கூலித் தொழிலாளிக்குச் சாந்தமான சாமி மட்டும் போதவில்லை. தனக்காகச் சண்டைக்கு நிற்பவள் தேவைப்பட்டாள். போர்க்காலத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்தார் ஓடி ஒளிந்தது இவள் கோயிலில்தான்.

ஐந்து வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். அடுத்த முறை மகளைத் தூக்கிக்கொண்டு, காளியின் இருபுறமும் நிற்பவர்களைக் காட்டுங்கள். ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் முருகன். இரண்டு பிள்ளைகளும் அம்மாவை விட்டு நகராமல் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள்.