மின்காந்தத் தண்டவாளப் பீரங்கி ஆராய்ச்சிக்கூடம்

மின்னோட்டம் பாயும் கம்பி காந்தப் புலத்தில் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதைப் பள்ளி மாணவரும் அறிவர். இணையான இரு செப்புத் தண்டவாளங்களின் குறுக்கே நகரத்தக்க உலோகத் துண்டொன்றை வைத்து மின்னோட்டம் செலுத்தினால், தண்டவாளங்களிடையே எழும் காந்தப் புலமே அத்துண்டை முன்னோக்கி உந்துகிறது. வெடிமருந்தின்றி இயங்கும் தண்டவாளப் பீரங்கியின் தத்துவம் இவ்வளவே. அதனை ஆராய ஒரு கூடம் அமைப்பதுதான் அரிது.

உந்துவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. சாதாரண அமைப்பொன்றில் 1,000 ஆம்பியர் ஓட்டம் தருவது 20 கிராம் எடைக்கு ஒப்பான விசையே. 10 இலட்சம் ஆம்பியரோ ஏறத்தாழ 20 டன் எடைக்கு ஒப்பான விசையைத் தரும். ஆகவே சில மில்லி விநாடிகளுக்குள் பேரளவு மின்னோட்டத்தை ஈயவல்ல ஆற்றல் சேமகமே கூடத்தின் முதற்றேவையாகும்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம் நல்ல சான்று. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆலிபன்ட் அமைத்த ஒருதுருவ மின்னாக்கி, துகள் முடுக்கிக்கென்றே திட்டமிடப்பட்டது. அம்முடுக்கி நிறைவு பெறவில்லை. மின்னாக்கி வேறு ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. அதனைக் கொண்டு ராஷ்லி, மார்ஷல் என்போர் 3 கிராம் பிளாஸ்டிக் எறிபொருளை 5 மீட்டர் நீளத்திற்குள் விநாடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்திற்கு முடுக்கி, 1978-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எறிபொருளின் பின்னே மின்னோட்டத்தைத் தாங்கியது உலோகமன்று, மின்வில்லே. மின்னாக்கியின் கொள்ளளவு 50 கோடி ஜூல். எறிபொருள் பெற்றதோ ஏறத்தாழ 52,000 ஜூல். சேமகம் பெரிதாயிருப்பது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

சிறிய கூடத்திற்கு மின்தேக்கித் தொகுதியே ஏற்றது. 1,000 மைக்ரோபாரடு தொகுதியை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 50,000 ஜூல் தேங்கும். அதில் பத்தில் ஒரு பங்கே எறிபொருளை அடைந்தாலும், 10 கிராம் பொருள் விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் பெறும்.

இத்தொகுதி உயிருக்கு ஆபத்தானது. மின்னிறக்கிய பின்னரும் மின்தேக்கியின் காப்புப் பொருளில் எஞ்சிய மின்னூட்டம் மெல்ல முனைகளுக்குத் திரும்பும். சிறிது நேரம் கழித்து வெறுங்கையால் தொடுவோர் மாள்வதற்கும் அது போதும். எனவே மின்தடை வழியே இறக்கியபின், காப்பிட்ட கைப்பிடியுள்ள கோலால் முனைகளை நிலத்துடன் இணைத்து, அவ்விணைப்பை மறுசோதனை வரை அகற்றாதிருத்தல் வேண்டும். மின்னூட்டம் உள்ளவரை கதவு திறவாதபடி பூட்டமைப்பும் வேண்டும். செலவைக் கருதி இதனைத் தள்ளிப்போடுதல் தகாது.

அளவீடு இதனினும் எளிது. குழல் நெடுகிலும் சிறு கம்பிச்சுருள்களைப் பொருத்தினால், எறிபொருள் கடக்குந்தோறும் ஒவ்வொன்றிலும் மின்னழுத்தத் துடிப்பு எழும். துடிப்புகளின் இடைவெளி வேகத்தைக் கூறும். பாரடேயின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

புதிய கூடங்கள் வேகத்தை நாடுவதினும் தண்டவாளத்தின் தேய்மானத்தை ஆராய்வதே பயனுடைத்து. அமெரிக்கக் கடற்படை டால்கிரன் தளத்தில் 2010-இல் 33 மெகாஜூல் ஆற்றலுடன் சுட்டுக் காட்டியது. 2021-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. குழலின் குறுகிய ஆயுள் அங்கு நெடுநாள் நீடித்த இடர்களுள் ஒன்று. சூட்டில் உருகியும் உராய்வில் பள்ளம் விழுந்தும் செப்புப் பரப்பு கெடும் விதத்தை, ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் குழலைப் பிரித்து உருப்பெருக்கியால் நோக்கிப் பதிவு செய்தல் சிறு கூடத்திலும் இயலும்.