கடைப் பூட்டின் தரம் அறிவது எப்படி?

அரிசி வாங்கும்போது கையில் அள்ளித் தேய்த்துப் பார்க்கும் நாம், பூட்டு வாங்கும்போது எடையையும் பொறித்த பெயரையும் பார்த்ததோடு விட்டுவிடுகிறோம். கல்லாவையும் சரக்கையும் இரவெல்லாம் காப்பது அந்தப் பூட்டுத்தான்.

கைவேலைக்குப் பேர்போன திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மாங்காய் வடிவில் இருப்பதெல்லாம் திண்டுக்கல் பூட்டு ஆகிவிடாது. தரம் உள்ளேதான் இருக்கிறது.

பூட்டினுள் லீவர் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். எனவே, பழைய பூட்டோ புதிய பூட்டோ, இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. சாவியின் பற்கள் ஏற்ற இறக்கமாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே உயரமானால், எத்தனை லீவர் இருந்தும் பயனில்லை. வளைத்த கம்பியே போதும்.

2. சாவித் துவாரத்தில் டார்ச் அடித்து, மெல்லிய கம்பியால் தகடுகளைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று பொருள்.

3. பூட்டியபின் வளையத்தை இழுத்துக்கொண்டே மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். திறந்துகொண்டால் வேண்டாம்.

4. பித்தளை என்று சொன்னால் மேல்தகட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு.

5. அதே வகைப் பூட்டின் வேறு சாவிகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்று திறந்தாலும் தள்ளிவிடுங்கள்.

மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இன்னொரு பகை. பித்தளை துருப்பிடிக்காது, உள்ளிருக்கும் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவிச் சில முறை திருப்புவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கைமாறி வந்த பூட்டு எவ்வளவு உறுதியானதாயினும், அதன் மறுசாவி யாரிடம் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. பூட்டுத் தொழிலாளியிடம் கொடுத்து லீவரை மாற்றிப் புதுச் சாவி செய்தபின்பே ஷட்டரில் போடுங்கள். வேலையாள் நின்றுபோனாலும் இதே விதிதான். சாவி நம் கையில் மட்டும் இருந்தால்தான் அது நம் பூட்டு.