தோலைத் தள்ளாதீர்கள், புண்ணை ஆற்றுங்கள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாலும், ஒன்றரை இரண்டு வயதில் ஆண் குழந்தை இருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தக் கவலை வந்துவிடுகிறது. ஒண்ணுக்குப் போகும்போது குழந்தை வீறிட்டு அழுகிறான். குஞ்சின் நுனி சிவந்து வீங்கியிருக்கிறது. ஜட்டியில் மஞ்சளாகக் கறை படிந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "குளிப்பாட்டும்போது தினமும் தோலைப் பின்னால் தள்ளி எண்ணெய் விட்டிருந்தால் இது வந்திருக்காது" என்பார். பக்கத்து வீட்டில் "உடம்புச் சூடு" என்பார்கள். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் ஒரு கிரீமை எடுத்துத் தருவார்கள். விஷயம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய உறவினர் ஒருவர், அறுவைசிகிச்சை செய்து தோலை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பார். எல்லாருமே குழந்தைமேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் இவற்றில் அதிகக் கேடு செய்வது முதலில் சொன்ன நம்பிக்கைதான். மற்றவற்றில் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆண் குழந்தை பிறக்கும்போது முன்தோலின் உட்புறமும் அதனடியில் இருக்கும் மொட்டும் இரண்டு தனித்தனிப் பரப்புகளாக இருப்பதில்லை. கருவில் இரண்டும் ஒரே படலத்தால் ஒட்டியபடியே உருவாகின்றன. பிறந்த பிறகு, ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்தப் படலத்தின் செல்கள் அங்கங்கே உதிர்கின்றன. உதிர்ந்த இடங்களில் சிறு இடைவெளிகள் உண்டாகி, அவை ஒன்றோடொன்று சேர, தோல் தானாக விலகுகிறது. புளியங்காயின் ஓட்டை உரித்தால் சதையும் பிய்ந்துகொண்டு வரும். பழுத்தபின் ஓடு தானே கழன்று நிற்கும். இங்கும் அப்படித்தான், காலம்தான் பிரிக்க வேண்டும். உதிர்ந்த செல்கள் தோலுக்கடியில் வெள்ளையாகச் சிறு உருண்டைகளாகத் திரண்டு தெரிவதுண்டு. அதைச் சீழ் என்று பயந்து பிதுக்கிப் பார்க்கிறார்கள். சீழ் என்றால் சிவப்பும் வீக்கமும் வலியும் கூடவே இருக்கும். இந்த உருண்டை வலிக்காது. வழி திறந்ததும் தானே வெளியே வந்துவிடும். தோல் பிரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒண்ணுக்குப் போகும்போது நுனி பலூன்போல் உப்புவதும் பெரும்பாலும் இதே கட்டத்தில் நிகழ்வதுதான். அப்படி உப்பும் சிறுவர்களின் சிறுநீர் வேகத்தையும் பையில் மிஞ்சும் நீரையும் அளந்து பார்த்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. அடைப்பு எதுவும் அதில் தென்படவில்லை.

அப்படியானால் எந்த வயதுக்குள் பிரிய வேண்டும்? குழப்பம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பிறந்த குழந்தைகளில் 4 சதவீதத்தினருக்கே தோல் முழுதாகப் பின்னால் போகிறது, 3 வயதுக்குள் 90 சதவீதத்தினருக்குப் போய்விடுகிறது என்பது அவருடைய கணக்கு. தேவையில்லாமல் செய்த முன்தோல் நீக்கும் அறுவையால் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 16 சின்னஞ்சிறு குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு பிரிட்டனில் இந்த அறுவை வெகுவாகக் குறைந்தது. எத்தனையோ குழந்தைகள் தப்பின. ஆனால் அவர் விட்டுச்சென்ற அந்த 3 வயதுக் கணக்கு மட்டும் இன்றுவரை தொல்லை தருகிறது. ஒட்டியிருந்த இடங்களை மெல்லிய கம்பியால் விலக்கிப் பார்த்து அவர் எடுத்த கணக்கு அது. இயல்பாக விடப்பட்ட குழந்தைகளிடம் பிரிதல் இன்னும் மெதுவாகவே நடக்கிறது. 1968இல் டென்மார்க்கில் யாக்கோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார். 6, 7 வயதுச் சிறுவர்களில் 63 சதவீதத்தினருக்கு இன்னும் ஒட்டுதல் இருந்தது. 16, 17 வயதில் அது 3 சதவீதமாகக் குறைந்திருந்தது. 1996இல் ஜப்பானில் 603 சிறுவர்களைப் பார்த்தபோது, 11 முதல் 15 வயதினரில்கூட முழுதாகத் தோல் விலகியவர்கள் 63 சதவீதத்தினர்தான். ஆகவே இரண்டு வயதுக் குழந்தைக்குத் தோல் பின்னால் போகவில்லை என்றால் அது நோயே இல்லை. வயதுக்கு உரிய நிலை அது.

இந்த நிலையில் தோலை வலிந்து தள்ளினால் என்ன நடக்கும்? ஒட்டியிருக்கும் படலம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிழிந்தாலும் அது புண்தான். அந்தப் புண்ணில் சிறுநீர் படும். டயபரில் மலமும் படும். அங்கே கிருமி தங்குவது எளிது. புண் ஆறும்போது பச்சைப் பரப்புகள் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அல்லது நுனியைச் சுற்றித் தழும்பு வளையம் விழும். தழும்பு விழுந்த தோல் விரியாது. இயல்பாக இருந்த குழந்தைக்கு இப்படித்தான் உண்மையான தோல் இறுக்கம் வருகிறது. தோல் பின்னால் போகாமல் இருந்தால் நோய் வரும் என்று பயந்து தள்ளுகிறோம். தள்ளியதாலேயே அந்த நோய் வருகிறது. சுத்தத்தின் பெயரால் தினமும் நடக்கும் இந்தக் காரியத்தை நிறுத்தினாலே, நம் வீடுகளில் பல குழந்தைகளுக்கு இந்தப் புண் வராமல் போகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தள்ளாத குழந்தைக்கும் வருவதுண்டே என்று கேட்கலாம். வருவதுண்டு. ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேருக்கு எப்போதாவது முன்தோலில் அழற்சி வருகிறது என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு; 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில்தான் அதிகம். நனைந்த டயபரோடு நெடுநேரம் இருப்பது, அழுக்குக் கையால் குழந்தை தொட்டுக்கொண்டே இருப்பது, மணலில் உட்கார்ந்து விளையாடுவது, சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்ப்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். புறநகரின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதில் சோப்பு நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்க்கிறோம்; அலசியும் போகாத மிச்சம் தோல் மடிப்பில் தங்கி அரிக்கிறது. பல குழந்தைகளுக்கு இது கிருமித் தொற்றாகவே இருப்பதில்லை, வெறும் எரிச்சல்தான். வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைக்கும் டயபர் புண் உள்ள குழந்தைக்கும் பூஞ்சைத் தொற்று வரலாம். அதற்கு மருந்து வேறு.

சூடு என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் குழந்தை வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகிறது. புண்ணில் படும்போது அதிகம் எரிகிறது. தண்ணீர், மோர், இளநீர் கொடுப்பது நல்லது. கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவதால் புண் ஆறிவிடாது, கெடுதலும் பெரிதாக இல்லை. ஆனால் குழந்தை அந்த விரலை வாயில் வைத்தாலோ, சுண்ணாம்புக் கையால் அந்த இடத்தைத் தொட்டாலோ வெந்துவிடும். மஞ்சள், டால்கம் பவுடர், விளக்கெண்ணெய் எதையும் சிவந்திருக்கும் இடத்தில் போட வேண்டாம்.

சிகிச்சை எளிமையானது. எளிமையாக இருப்பதாலேயே பலருக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை. அகன்ற டப்பிலோ பேசினிலோ வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீர் ஊற்றி, சோப்பு எதுவும் போடாமல், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பத்து பதினைந்து நிமிடம் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். தோலைப் பின்னுக்கு இழுக்காமல் வெளிப்புறத்தை மட்டும் தண்ணீரால் அலசினால் போதும். பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். எரிச்சலுக்குப் பயந்து குழந்தை ஒண்ணுக்கு அடக்கினால், அந்த வெதுவெதுப்பான தண்ணீர் டப்பிலேயே போகவிடலாம். நீரோடு கலந்துவிடுவதால் எரியாது. வீட்டில் இருக்கும் நேரம் டயபர் இல்லாமல் காற்றாட விட வேண்டும். வலி தெரியாமல் இருக்க எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். லேசான அழற்சி இரண்டு மூன்று நாளில் இதிலேயே அடங்கத் தொடங்கும். சீழ் வடிந்தாலோ வீக்கம் கூடினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாக்டீரியா என்றால் மேலே பூசும் ஆன்டிபயாடிக் களிம்பு, பூஞ்சை என்றால் குளோட்ரிமசோல் போன்ற மருந்து, சிவப்பு பரவியிருந்தால் வாய்வழி மருந்து என்று அவர் தீர்மானிப்பார். எந்த மருந்தானாலும் நுனியில் மேலாகப் பூசுவதற்கும் தோலைத் தள்ள வேண்டியதில்லை.

மருந்துக்கடை கிரீமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே ட்யூபில் கலந்த கிரீம்கள் நம் கடைகளில் சர்வ சாதாரணம். எந்த நோய் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கொடுப்பதற்கு அது வசதி. அவற்றில் பலவற்றில் குளோபீட்டசால் என்ற மிக வலுவான ஸ்டீராய்டு இருக்கிறது. குழந்தையின் மெல்லிய தோலில், அதுவும் டயபர் மூடிய ஈர இடத்தில், அது உடலுக்குள் அதிகமாக உறிஞ்சப்படும். தோலை மெலியச் செய்யும். சிவப்பை மட்டும் மறைத்துவிட்டு உள்ளே பூஞ்சையை வளரவிடும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு ஆணையிட்டிருக்கிறது. மருத்துவர்களே முன்தோலுக்கு ஸ்டீராய்டு எழுதுகிறார்களே என்றால், எழுதுகிறார்கள், ஆனால் அது வேறு நோய்க்கு. வளர்ந்த சிறுவனுக்குத் தோல் உண்மையாகவே இறுகியிருந்தால், பீட்டாமெத்தசோன் களிம்பைக் குறிப்பிட்ட வாரங்கள் மட்டும் நுனியில் பூசச் சொல்வார்கள். பலருக்கு அதிலேயே தோல் நெகிழ்ந்து, அறுவை தேவைப்படாமல் போகிறது. புதிதாகச் சிவந்த புண்ணுக்குப் பெற்றோர் தாமாக வாங்கிப் பூசுவதற்கு அது மருந்தல்ல.

இனி அறுவை. மத வழக்கமாகச் செய்யும் சுன்னத்து இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. அது அந்தந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஒருமுறை புண் வந்ததற்கு மருந்தாக அறுவையைப் பரிந்துரைப்பதைத்தான் இங்கே கேள்வி கேட்கிறேன். முன்தோல் நீக்கிய குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவு என்பது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்று ஆண் குழந்தைகளில் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஒரு தொற்றைத் தடுக்க நூற்றுப்பத்துப் பேருக்கு மேல் அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்று 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகத்துக்குப் போகும் கோளாறு உள்ள குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு அறுவை நியாயமாகலாம். எச்.ஐ.வி. தடுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது தொற்று மிகப் பரவலாக இருந்த ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ந்த ஆண்களை வைத்துச் சொன்னது. இரண்டு வயதுக் குழந்தையின் புண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புற்றுநோய் பயமும் அப்படியே. பெரியவர்களிடம் தோல் இறுக்கமும் சுத்தக்குறைவும் அதற்குத் துணைபோகின்றன என்பது சரி. தோல் தானாக விலகத் தொடங்கிய பிறகு, குளிக்கும்போது தானே மெதுவாக விலக்கி, தண்ணீரில் கழுவி, மறுபடி முன்னால் கொண்டுவர மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். புற்றுநோய்க்கு எதிராக வேண்டிய பாதுகாப்பு அந்தச் சுத்தத்திலேயே கிடைக்கிறது.

"டாக்டரே தள்ளிவிடச் சொன்னாரே" என்பது பெற்றோரின் மிக நியாயமான கேள்வி. 3 வயதுக் கணக்கைப் படித்து வளர்ந்த தலைமுறை மருத்துவர்களிடமிருந்து அந்த அறிவுரை இன்றும் வருவதுண்டு. முன்தோலை வலிந்து தள்ளக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்கிறது. அறுவை பரவலாக நடக்கும் நாட்டின் அமைப்பே அப்படிச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போதோ டியூப் போடும்போதோ தோலை முழுக்கத் தள்ளப் பார்த்தால், துவாரம் தெரிந்தால் போதும் என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

அதே நேரம், எல்லாவற்றையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. நுனித்தோல் வெளுத்துத் தடித்துத் தழும்பாகியிருந்தால், முன்பு விலகிய தோல் இப்போது விலகாமல் போனால், சிறுநீர் நூலாகவோ சொட்டுச்சொட்டாகவோ முக்கி முக்கி வந்தால், புண் திரும்பத் திரும்ப வந்தால், குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தழும்பு நோய் உறுதியானால் அறுவைதான் சரியான சிகிச்சை. அடிக்கடி பூஞ்சை வருவதோடு தண்ணீர்த் தாகமும் எடைக்குறைவும் இருந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்கத் தவறக்கூடாது.

காய்ச்சல் அடிக்கிறது, சிவப்பு அடிவயிறு நோக்கிப் பரவுகிறது, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒண்ணுக்கே போகவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். யாரோ தள்ளிவிட்ட தோல் முன்னால் வராமல் மொட்டுக்குப் பின்னால் வளையமாக இறுகிக்கொண்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும் அவசரம் அது. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே உடனே கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.